பித்தப்பை அறுவையின் முதல் இரவு: அறுவை அரங்கக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறுவை அரங்கக் குழுவினருக்கு,

வணக்கம். லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கேமரா வழியே பார்த்து, பித்தப்பையை எடுக்கும்போது துளைகளில் மரப்பு மருந்து போடுவதை 'அந்தந்த யூனிட்டின் விருப்பம்' என்று விட்டுவிட்ட உங்கள் சுற்றறிக்கையைப் படித்தோம். அதன் விளைவை இரவுப்பணி வார்டு பார்க்கிறது. இருமினால் நெஞ்சுக்குழித் துளை இழுக்கிறது, இருமாவிட்டால் சளி தேங்குகிறது. வலது தோளில் குத்தல் என்றால் "கேஸ் வலிதாம்மா, போயிடும்" என்ற பதில். பிறகு டிரமடால் என்ற வலிமருந்து, அதனால் வாந்தி, அந்த வாந்தியில் அதே வயிறு மறுபடி இழுக்கும். அந்தத் தோள்வலி உண்மையானது. அறுவைக்காக வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தின் அடியில் தங்கி, அதற்குச் செல்லும் ஃபிரினிக் நரம்பை உறுத்துவதால் வருவது. துளையை மூடுமுன் வாயுவை முழுக்க வெளியேற்றினாலே தொல்லை குறையும்.

எங்கள் கோரிக்கை ஒன்றே: எடைக்குக் கணக்கிட்ட புபிவகைன் என்ற மரப்பு மருந்து, விடாமல் ஒவ்வொரு கேஸிலும்.

இதற்கு ஒரே ஒரு குப்பி போதும். 0.5% மருந்து 20 மில்லியில் 100 மிகி இருக்கிறது. சம அளவு சலைன் சேர்த்தால் 0.25%, 40 மில்லி. கிலோவுக்கு 2 மிகி என்ற வரம்பில் 50 கிலோ பெண்ணுக்கு இதுவே முழு அளவு. 10 மிமீ துளைகள் இரண்டுக்கும் 7 மில்லி வீதம், 5 மிமீ துளைகள் இரண்டுக்கும் 3 மில்லி வீதம். மீதி 20 மில்லி, ரத்தத்தையும் பித்தநீரையும் உறிஞ்சிய பிறகு, பித்தப்பைப் படுகையிலும் உதரவிதானத்தின் அடியிலும். கழிவுநீர் வடியும் டிரெயின் குழாய் வைத்திருந்தால் சற்று நேரம் மூடி வையுங்கள். இல்லையென்றால் மருந்து பையில்தான் சேரும். தோலுக்கடியில் மட்டும் போட்டுவிட்டு 'போட்டாச்சு' என்று எழுதுவதில் பயனில்லை. வயிற்றின் உள்சவ்வான பெரிடோனியம் வரை போக வேண்டும், கேமராவில் கொப்புளம் தெரிய வேண்டும். முதுகில் போடும் ஹெவி ஆம்பூலை இதற்கு எடுக்கக் கூடாது என்பதையும் ஸ்டோருக்குச் சொல்லிவிடுங்கள்.

வயிற்றுச்சுவர் நரம்புகளை மரக்கவைக்கும் டாப் பிளாக் ஊசி போடுகிறோமே என்பார்கள். இடுப்புப் பக்கமாகப் போடும் டாப், நெஞ்சுக்குழித் துளையை எட்டாது. விலா எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டிப் போட்டால்தான் எட்டும். அதுவும் வயிற்றுச்சுவர் வலிக்கு மட்டுமே, உள்வலிக்கு அல்ல. முதுகெலும்பை ஒட்டிய தசைக்கடியில் போடும் எரக்டர் ஸ்பைனே பிளாக்குக்கு அல்ட்ராசவுண்டும் தேர்ந்த கையும் தேவை. பக்கத்துக்கு 20 மில்லி என்றால் வரம்பு அதிலேயே முடிந்தது. சர்ஜன் துளையில் போட, மயக்க மருந்து டாக்டர் தனியே பிளாக் போட, ஒருவருக்கொருவர் சொல்லாமல் போனால் மொத்த அளவு வரம்பைத் தாண்டி நஞ்சாகாதா? மயக்கத்தில் இருப்பவருக்கு நாக்கு மரப்பது தெரியாது. முதல் அறிகுறியே இதயத்துடிப்புக் கோளாறாக இருக்கலாம். அந்த நச்சை முறிக்கும் 20% லிப்பிட் எமல்ஷன் (நரம்பில் ஏற்றும் கொழுப்புக் கரைசல்) அரங்குக்குள்ளேயே இருக்கட்டும். முதல் டோஸ் கிலோவுக்கு 1.5 மில்லி.

ரத்த அழுத்தம் எழுதாத கேஸ் ஷீட்டை யாரும் ஏற்பதில்லை. வலி அளவுக்கான கட்டமோ காலியாகவே ரவுண்ட்ஸ் தாண்டிப் போகிறது. எத்தனை காலம் இப்படி?

கோபத்தில் எழுதிய சொற்களைப் பொறுத்தருளுங்கள். 'விருப்பம்' என்ற சொல்லை நீக்கி, எடைக்குக் கணக்கிட்ட புபிவகைனை ஒவ்வொரு கேஸிலும் கட்டாயமாக்குங்கள். போட்டவர், இடம், மிகி மூன்றையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள் எனப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
அறுவை வார்டு, மயக்கவியல் பணியாளர்கள்