படத்தின் இடது மூலையில் இருப்பது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் சென்னைப் பக்கத்தில் வந்த பூங்கா பற்றிய செய்தியில் ஒரு வரி: ‘கோடை தொடங்கிவிட்டதால் பூங்காவில் பார்க்க எதுவும் இல்லை, பார்வையாளர்கள் ஏமாற்றத்துடன் திரும்புகின்றனர்.’ கூடவே ஒரு படம். சருகாகிக் கிடக்கும் பெட்டூனியா பாத்தி, அதன் ஓரத்தில் ஐஸ்கிரீமோடு ஒரு குழந்தை.

படம் எடுத்தவர் தெரிந்து எடுத்தாரோ தெரியாமல் எடுத்தாரோ, இடது மூலையில், பாதி வெட்டுப்பட்டு, மஞ்சளாக ஒன்று தொங்குகிறது. அது என்னவென்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லையா? நகைக்கடை விளம்பரம் என்று நினைத்துவிட்டார்களா? ஐயா, அது சரக்கொன்றை. இலை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மரம் முழுக்கப் பூத்து நிற்கிறது. தினமும் காலையில் நடை முடிந்ததும் அதன் அடியில் இருக்கும் சிமெண்ட் பெஞ்சில்தான் உட்கார்ந்து செருப்பில் ஏறிய மண்ணைத் தட்டுகிறேன். எழுந்தால் தோளில் நாலு பூ இருக்கும். ஏமாற்றத்துடன் திரும்பியவர்கள் எந்த வாசல் வழியாகத் திரும்பினார்கள் என்று தெரியவில்லை.

பூங்காவின் பெயரை நீங்கள் செய்தியில் போட்டுவிட்டீர்கள். நான் போடப்போவதில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்கள் எனக்குத் தினமும் வணக்கம் சொல்கிறவர்கள்.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் கணக்கு எழுதியவன். 2004-ல் சர்க்கரை 280 என்று வந்தது, டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தேன். ஒரே வட்டத்தைத் தினமும் சுற்றினால் மனிதர்கள் அலுத்துவிடுவார்கள், மரம் அலுப்பதில்லை. எது எப்போது தளிர்க்கிறது, எது எப்போது பூக்கிறது என்று அன்றன்றைக்குக் கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் குறித்து பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன். இரண்டு டின் நிறைந்துவிட்டது. ஆகவே சென்னைக் கோடையில் பார்க்க எதுவும் இல்லை என்று ஒருவர் எழுதினால் அந்த இரண்டு டின்னையும் குப்பையில் போடச் சொன்னது போல இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. பெட்டூனியாவும் சாமந்தியும் தை, மாசிக்காக வைக்கிற செடிகள். பங்குனி வெயிலில் அவை போவது சாவு இல்லை, கணக்கு முடிப்பது. அந்தச் செடி வாடுகிற அதே நேரத்தில்தான் இந்த ஊர் மரங்கள் வேலையை ஆரம்பிக்கின்றன. நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடுகிறது. ஆழ வேர் விட்ட மரம் பூமிக்குள் இறங்கிய அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஏப்ரலில் இலையைக் கொட்டிவிட்டுப் பூக்கத் துணிகிறது. இலை மறைக்காததால் பூ தேனீக்கும் வண்டுக்கும் தூரத்திலிருந்தே தெரிகிறது. உங்கள் நிருபருக்கு மட்டும் தெரியவில்லை.

இந்த வருடக் காலண்டர் தாளில் இருப்பதைச் சொல்கிறேன். மாசிக் கடைசியில் புங்கை இலை உதிர்த்தது, பங்குனியில் தளிர்த்தது. அந்தத் தளிரின் மினுமினுப்பு ஒரு வாரம்தான் இருக்கும், அப்புறம் சாதாரணப் பச்சை. இப்போது அதன் அடியில் பொரி கொட்டியது போலப் பூ. தூங்குமூஞ்சி மரத்தில் ரோஸ் நிறத்தில் பவுடர் பஃப் போல வந்திருக்கிறது. பெருங்கொன்றை மொட்டு விட்டாயிற்று. பூமருது ஊதாவில் ஆரம்பித்திருக்கிறது. நாகலிங்கம் வழக்கம்போலக் கிளையை விட்டுவிட்டு அடிமரத்திலேயே பூக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே சிவன் கோயிலில் இடம் பிடித்த மரம் அது, அதற்கு எல்லாம் நடக்கும். கத்திரி வெயில் வந்ததும் மடகாஸ்கர்க்காரரான குல்மொஹர் சிவப்பாக வருவார். விடியற்காலை நாலரைக்குக் குயில் ஆரம்பித்துவிடுகிறது. பார்க்க எதுவும் இல்லையாம்.

இது முதல் தடவையாக இருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். ஆறேழு வருடத்துக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் பெருங்கொன்றைப் படத்தைப் போட்டு, கீழே ‘பூத்துக் குலுங்கும் சரக்கொன்றை’ என்று அச்சிட்டீர்கள். சரக்கொன்றை சரம் சரமாகக் கீழே தொங்கும். பெருங்கொன்றை மேல்நோக்கி நிமிர்ந்து பூக்கும். சிறு குழந்தைக்குக் காட்டினால்கூட வித்தியாசம் சொல்லும். பணிவாக ஒரு கடிதம் எழுதினேன், வரவில்லை. அந்த வாரம் வந்த கடிதம் தோசை மாவு பாக்கெட்டின் விலை பற்றியது. அதுவும் முக்கியமான விஷயம்தான், மறுக்கவில்லை.

மே மாதம் வந்தால் உதகை மலர்க் கண்காட்சிக்கு அரைப்பக்கம் தருகிறீர்கள். தாருங்கள். 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, மக்ஐவர் என்பவர் வடிவமைத்தது, நானும் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். 2024-லிருந்து மலைக்குப் போக இ-பாஸ் வேறு எடுக்கவேண்டியிருக்கிறது. அவ்வளவு கூட்டம். கொன்றை பூத்ததைச் சொல்லவேண்டுமென்றால் கேரளத்து விஷுப் படம் போடுகிறீர்கள். சிவன் தலையில் இருக்கிற பூ, மயிலாப்பூரிலிருந்து நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறது; படத்துக்கு மட்டும் பாலக்காட்டைத் தாண்டவேண்டியிருக்கிறது.

உங்களை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. வெளியூர்ப் பூவுக்குத்தான் இங்கே எப்போதும் மரியாதை. 2023 ஜூனில் செம்மொழிப் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடந்தபோது மலைப்பகுதிகளிலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் பூக்கள் வந்து இறங்கின. வரிசையில் நின்று போனேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல். 2008-ல் மூடும்வரை அதே இடத்தில்தான் இருந்தது. எங்களிடம் கார் கிடையாது. அலுவலக நண்பரின் அம்பாசிடரில் நாங்கள் ஐந்து பேர் போவோம். மரநிழலில் நிறுத்தினால் ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். மே மாத மத்தியானம். மேலே இருக்கிற மரத்தைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை, அது வேறு விஷயம். ஆனால் பார்க்க எதுவும் இல்லை என்று யாரும் எழுந்து போகவும் இல்லை.

சரி, பூங்காவுக்கு வருகிறேன். பூ இல்லை என்று பார்வையாளர் நினைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு விழுந்த பூவெல்லாம் ஆறரைக்குக் கூட்டிச் சாக்கில் அள்ளப்படுகிறது. கொன்றைக்குக் கீழே அரை அங்குலம் மஞ்சள் விரித்திருக்கும். விளக்குமாறு வந்தால் பத்து நிமிடத்தில் வெறும் செம்மண். ‘குப்பை கிடந்தா சூப்பர்வைசர் திட்டுறாரு சார்’ என்கிறார் கூட்டுகிற அம்மா. அவர்மேல் என்ன தப்பு? திட்டுகிறவருக்குப் பூவுக்கும் பாலித்தீன் கவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

போன மாதம் என் மனைவி வேப்பமரத்தடியில் உதிர்ந்த பூவைக் கைக்குட்டையில் பொறுக்கினாள். சித்திரை ஒன்றாம் தேதிப் பச்சடிக்கு. காவலர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். ‘பூ பறிக்கக் கூடாதும்மா, போர்டு பார்க்கலையா?’ பறிக்கவில்லை, கீழே கிடந்தது என்றாள். சட்டம் சட்டம்தான். கைக்குட்டையை உதறிவிட்டு வந்தோம். உதறிய பூவை எங்கள் கண் முன்னாலேயே கூட்டித் தொட்டியில் போட்டார்கள். அந்த வருடப்பிறப்புக்கு வேப்பம்பூவைச் சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டில் வாங்கினோம். கல் இருந்தது.

காவலர் சொன்ன போர்டு இருக்கட்டும், மரங்களின் பெயர்ப்பலகைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புன்னை மரத்தில் ‘புங்கை’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். கபாலீஸ்வரர் கோயிலில் தலவிருட்சமே புன்னைதான். மயிலாப்பூரில் வளர்ந்தவனுக்கு அந்தத் தடித்த பளபளப்பான இலையைத் தெரியாதா? மூன்று மனு கொடுத்தேன். ‘ஆவன செய்யப்படும்.’ இரண்டாவது வருடம் ஆவன செய்தார்கள். பலகையைக் கழற்றி, பக்கத்திலிருந்த வேம்பில் ஆணி அடித்து மாட்டினார்கள். இப்போது வேம்பு புங்கையாக இருக்கிறது, புன்னை அநாமதேயமாக இருக்கிறது, உண்மையான புங்கை கழிப்பறைக்குப் பின்னால் கவனிப்பாரற்று நிற்கிறது. நாலாவது மனு கொடுக்கப் பயமாக இருக்கிறது.

அடிமரத்தைச் சுற்றி மூச்சுவிட இடமில்லாமல் டைல்ஸ் பதித்ததையும், குக்குறுவான் பறவை ‘டொக் டொக்’ என்று கொத்தன் மாதிரி தட்டுவது காதில் விழாதபடி கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி வைத்ததையும் எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயலில் ஊர் முழுக்க ஆயிரக்கணக்கில் மரம் சாய்ந்ததே, அப்போது ஒரு வாரம் நீங்கள் மரத்தைப் பற்றி எழுதியதைப் படித்துக் கண் கலங்கியவன் நான். விழுந்தால்தான் செய்தியா, பூத்தால் இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. பத்திரிகைக்காரர்களின் கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும்.

என் கோரிக்கை சின்னது. அந்தப் படத்தை மறுபடியும் போடுங்கள், இடது பக்கம் வெட்டாமல். கீழே ‘சரக்கொன்றை’ என்று ஒரு வார்த்தை. வருத்தம் தெரிவிக்கவெல்லாம் வேண்டாம். இடம் இருந்தால், ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் பட்டிமன்றத்துக்கும் இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கும் நடுவே, எந்தப் பூங்காவில் எது பூத்திருக்கிறது என்று வாரத்துக்கு ஒரு வரி போடலாம். தகவல் வேண்டுமானால் நான் தருகிறேன், சன்மானம் தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழை முப்பது வருடமாக வாங்குகிற, இன்னமும் வாங்கிக்கொண்டிருக்கிற
ஒரு வாசகன்,
மந்தைவெளி, சென்னை.

பி.கு.: வெட்டாத மூலப்படம் உங்களிடம் இல்லையென்றால் புகைப்படக்காரரை மறுபடி அனுப்புங்கள். இன்னும் பத்து நாள்தான் பூ தாங்கும். ஆறேகாலுக்குள் வந்துவிடச் சொல்லுங்கள், ஆறரைக்குக் கூட்டிவிடுவார்கள்.