ஆற்று நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனவே நேராக ஆற்றுக்கு வந்துவிடுகிறேன்.

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். நீர் மாதிரி எடுக்க நண்பகல்தான் எல்லோருக்கும் தோது என்று முடிவு செய்தவன் நான். 30 டிகிரி வெப்பமுள்ள நீரில் இயல்பாகக் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம். நம் மீட்டர் அதற்கும் மேலே காட்டியபோதெல்லாம் மகிழ்ந்தோமே தவிர, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காரணம் பாசி. வெயிலில் ஆக்சிஜனை வெளிவிடும். இரவு முழுக்க அதையே இழுத்துச் சுவாசிக்கும். விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். அந்நேரம் நாம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தோம். இளைய உறுப்பினர் ஒருவர் இருட்டோடு மீட்டரைத் தூக்கிக்கொண்டு போய்வந்த பிறகே விஷயம் விளங்கியது.

ஆகவே இரவும் பகலும் ஆற்றிலேயே கிடக்கும் சிற்றுயிர்களைக் கணக்கெடுக்கச் செயற்குழு தீர்மானித்தது. அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையை ஆற்றடியில் ஊன்றி, அதற்கு முன்னால் கற்களைக் காலால் கிளற வேண்டும். மூன்று நிமிடம். வலையில் சேர்வதை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பிரிக்க வேண்டும். பிரிட்டனில் உருவான முறைப்படி ஒவ்வொரு சிற்றுயிர்க் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். மாசைத் தாங்காத கல் ஈ என்ற பூச்சிக்கு 10, எதையும் தாங்கும் மண்புழு இனத்துக்கு 1. அந்தப் பட்டியல் அந்நாட்டு ஆறுகளுக்கானது. மற்ற நாட்டினர் தத்தம் பூச்சிகளுக்கேற்பத் திருத்தியே பயன்படுத்துகிறார்கள்.

இதில் ஒரு சண்டையும் வந்தது. ஒரு குழு நேரத்தை மீறிக் கிளறி, மொத்த மதிப்பெண்ணில் முந்திவிட்டது. இனி மொத்தத்தைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரியையே ஒப்பிடுவோம். அதிகம் கிளறியதால் வரும் லாபம் அதில் பெரிதும் அடிபட்டுப் போகும்.

மேல்பகுதியில் மாசை எளிதில் தாங்காத மே ஈ என்ற பூச்சியின் இளம்பருவங்களும், மணலால் கூடு கட்டும் கேடிஸ் பூச்சியின் புழுக்களும் கிடைத்தன. கீழ்ப்பகுதித் தட்டிலும் உயிர்களுக்குக் குறைவில்லை. புதிய உறுப்பினர்கள் ஆரவாரமே செய்தார்கள். உற்றுப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாம் ஒரே சிவப்புப் புழு. ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அந்த நிறம். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது பிழைத்துக்கொள்ளும். நண்பகலில் 'நன்று' என்று நான் குறித்துவைத்த அதே இடம் இது.

நீரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கரைச் செடிகளை வழித்தெடுத்த பிறகு, அங்கே வண்டல் இறங்கிக் கற்களின் இடுக்குகளை அடைத்துவிட்டது. பூச்சிகள் ஒளிய இடமில்லை, பாசிக்கோ நிழலின் தொல்லை இல்லை. உரியவர்களுக்கு இருமுறை எழுதினோம். பதில் வரவில்லை. மூன்றாவது கடிதத்துடன் பூச்சிப் பட்டியலையும் இணைத்திருக்கிறோம்.

மீன்களை இன்னும் தொடவில்லை. மீன் இனங்களை வைத்து ஆற்றின் உயிர்நலத்தை அளக்கும் குறியீட்டை ஜேம்ஸ் கார் 1981-இல் வெளியிட்டார். ஆனால் இனம் பிரித்தறியத் தெரிந்தவர் நம்மிடம் ஒருவரே. அவரும் வாரநாட்களில் வர இயலாது.

வரும் ஆண்டில் விடியற்காலை அளவீட்டுக்கு முறைப்பட்டியல் போடுகிறோம். இதுவரை பெயர் கொடுத்தவர்கள் இருவர், அதில் ஒருவன் நான். வெள்ளைத் தட்டுகளில் ஒன்றைக் காணவில்லை. எடுத்துச் சென்றவர் அடுத்த கூட்டத்துக்குள் சேர்த்துவிடவும்.

இங்ஙனம்,
செயலாளர்