தசைக்குள் போகும் குழாய்களை வெட்டும் முன் குறித்து வையுங்கள்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பிளாஸ்டிக் சர்ஜன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். டிஸெக்‌ஷன் ஹாலில் மாணவர்கள் இறந்தவர் உடலின் கால் தசைகளைப் பிரிக்கும்போது, அவற்றுக்குள் நுழையும் சின்ன ரத்தக் குழாய்களை வெட்டி எறிவதற்கு முன் அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பைக் விபத்தில் கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியா உடைந்து வெளியே தெரிய வருகிறவர்களை நாங்கள் ஓயாமல் பார்க்கிறோம். அந்த எலும்பின் உட்பக்கத்தில் தோலுக்கு அடியில் தசையே இல்லை. தோல் போனால் எலும்புதான். மேலுறையும் உரிந்த எலும்பின் மேல் வெறும் தோலை ஒட்டினால் பிடிக்காது. பக்கத்துத் தசையை அதன் ரத்தக் குழாயோடு திருப்பிக் கொண்டுவந்து மூட வேண்டும். இதைத்தான் ஃப்ளாப் என்கிறோம். டிபியாவின் மேல் பகுதிக் காயத்துக்கு காஸ்ட்ரோக்னீமியஸ், நடுப்பகுதிக்கு சோலியஸ்; இரண்டும் கெண்டைக்கால் தசைகள். கீழ்ப்பகுதிக்குப் பெரும்பாலும் உடலின் வேறு இடத்திலிருந்து தசையை எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்துக் குழாயோடு குழாய் தைக்க வேண்டும்.

காஸ்ட்ரோக்னீமியஸில் எங்களுக்குக் கவலை குறைவு. மேலே இரண்டாகப் பிரிந்திருக்கும் அதன் ஒவ்வொரு தலைக்கும் முழங்கால் மூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சூரல் தமனி வந்துவிடும். சிலருக்கு இரண்டும் ஒரே அடியிலிருந்து பிரியும், அவ்வளவுதான். சோலியஸ் அப்படி இல்லை. மாத்தெஸ், நஹாய் என்ற இரு பிளாஸ்டிக் சர்ஜன்கள் 1981-இல் தசைகளை ரத்த ஓட்டத்தை வைத்து ஐந்து வகையாகப் பிரித்தபோது இதை இரண்டாம் வகையில் வைத்தார்கள்: மேலே பெரிய குழாய்கள், கீழே சிறு கிளைகள். தசையின் கீழ் உட்பாதிக்கு, டிபியாவின் பின்னால் இறங்கும் ‘பின் டிபியல்’ தமனி அடுக்கடுக்காகக் கிளை அனுப்புகிறது. தசையைத் திருப்ப வேண்டுமென்றால் அந்தக் கிளைகளில் சிலவற்றைக் கட்டி வெட்டியாக வேண்டும். எத்தனையைக் கட்டினால் தசையின் நுனி ரத்தமில்லாமல் கறுக்கும் என்பது அந்தந்தக் காலைப் பொறுத்தது. உட்பாதியை மட்டும் பிளந்து, கீழ்க்கிளைகளை நம்பித் தலைகீழாகத் திருப்பும் முறையும் உண்டு. அங்கே கிளைகள் எத்தனை, கணுக்காலுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நுழைகின்றன, எவ்வளவு பருமன் என்பதுதான் எல்லாமே. அது ஆளுக்கு ஆள் மாறுவதால் பல சர்ஜன்கள் அந்த முறையைத் தொடுவதே இல்லை. பின் டிபியல் தமனியே மெலிந்துபோய், கீழ்க்காலின் இன்னொரு தமனியான பெரோனியல் பாதம் வரை ரத்தம் கொண்டுபோகிற கால்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட காலில் சோலியஸின் உட்பாதிக்கு ரத்தம் எந்த வழியாக வருகிறது? பிரித்துப் பார்க்கிற கைதான் இதைச் சொல்ல முடியும்.

ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்தால் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். பெரிய தமனிகள் தெரியும், அதற்காக எடுக்கிறோம். ஆனால் நசுங்கி வீங்கி, கம்பி பொருத்தியிருக்கும் காலில் இந்த மெல்லிய கிளைகளை அதில் நம்பிப் பார்க்க முடிவதில்லை.

வேறுபாடுகளைப் பற்றி உங்கள் துறை எழுதாமல் இல்லை. ஆனால் இதழ்களில் வருவதில் பெரும்பகுதி அபூர்வமானவை. ஒரே ஒரு காலில் கண்ட விசித்திரம். அது வழக்கத்துக்கு மாறானது என்று தெரிகிறது, சரி. வழக்கமானது எத்தனை கால்களில் இருந்தது என்று யாரும் எண்ணாததால், அடுத்த நோயாளியிடம் என்ன எதிர்பார்ப்பது என்று எங்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே சாதாரணமாக இருக்கும் காலையும் எழுதுங்கள். உண்மையில் அதுதான் எங்களுக்கு அதிகம் தேவை.

இது பெரிய ஆராய்ச்சி நிலையங்களால் மட்டும் முடிகிற வேலை இல்லை. தோலுக்குப் போகும் தமனிகளை உடல் முழுக்கப் பிரித்துப் பார்த்து 1889-இல் வெளியிட்ட கார்ல் மான்ஹோட், அப்போது ஸ்ட்ராஸ்பர்க்கில் மருத்துவ மாணவர். எக்ஸ்ரே வசதி எதுவும் அவருக்கு இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் சர்ஜன்கள் அவர் வேலையின் மதிப்பை உணர்ந்தார்கள். உங்கள் எம்.டி. மாணவர்கள் எப்படியும் ஆய்வேடு எழுத வேண்டும். அவர்களில் சிலருக்கு இதைக் கொடுக்கலாமே?

ஒரு பக்கப் படிவம் போதும். வயது, பாலினம், எந்தக் கால், டிபியாவின் நீளம். ஒவ்வொரு கிளையும் எந்தத் தமனியிலிருந்து வருகிறது, உள் கணுக்கால் நுனியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே தசைக்குள் நுழைகிறது, வெளி விட்டம் எவ்வளவு. பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம். ஆளுக்கு ஆள் உயரம் மாறும் என்பதால் தூரத்தை எலும்பு நீளத்தின் விகிதமாகவும் போடச் சொல்லுங்கள். பதப்படுத்திய உடலில் எடுத்த அளவு என்றால் அதையும் குறிக்க வேண்டும், ஏனென்றால் உயிருள்ள குழாயின் விட்டம் அதே அளவில் இருக்காது. முடிந்த இடத்தில் தமனிக்குள் சிவப்பு லேடெக்ஸ் (ரப்பர் பால்) ஏற்றினால் சின்னக் கிளைகள் தப்பாது. இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். வலதில் இருப்பது இடதில் இருக்கும் என்று நாங்களாக நினைத்துக்கொள்ள முடியாது. உடல் தானம் செய்தவரின் பெயர் எங்கும் வேண்டாம்.

கால் பகுதி டிஸெக்‌ஷன் எந்த வாரம் தொடங்குகிறது என்று உங்கள் கல்லூரியில் உள்ள பிளாஸ்டிக் சர்ஜரி துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். எங்கள் மேற்படிப்பு மாணவர்கள் வந்து உங்கள் மாணவர்களோடு சேர்ந்து அளக்கட்டும். அவர்களுக்கும் அந்த மேசை தேவைப்படுகிறது.

அன்புடன்,
ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்