அம்மிச்சி சிரித்த காட்சி: கேரள விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆண்டுதோறும் கூடி விருது அறிவிக்கும் கேரளத் திரைப்பட விமர்சகர்களுக்கு, பாலக்காடு மாவட்டத்துத் தமிழக எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வணக்கம்.

உங்கள் பட்டியல் வந்ததும் எல்லோரும் சிறந்த நடிகர் யார் என்று பார்ப்பார்கள். நான் வசனம் யார் எழுதியது என்று பார்ப்பேன். அதற்குக் காரணம் என் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர்.

சில ஆண்டுகளுக்கு முன் பாலக்காட்டில் ஒரு மலையாளப் படத்துக்கு அவரை அழைத்துப் போயிருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் மகனைப் பறிகொடுத்த தமிழ்த் தாய், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் விழுந்து அழுகிறாள். அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. "மைந்தனே, எனைத் தவிக்கவிட்டு எங்கு சென்றாய்" என்று அவள் தொடங்கியதும் அம்மிச்சி சிரித்துவிட்டார். ஆயுள் முழுக்கக் கொழுந்து கிள்ளியவள் இப்படியா அழுவாள், இது என்ன ராஜா ராணி நாடகமா என்று என் காதருகே கேட்டார். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். எனக்கு அன்று வெட்கமாகிவிட்டது. அந்தப் படத்தைத்தான் மண்ணின் மணம் கமழ்வதாக உங்களில் சிலர் எழுதினீர்கள்.

கேரளத்தில் பேசப்படும் தமிழ் ஒன்றல்ல. எங்கள் பக்கம் கொங்குத் தமிழ். மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் 'ஏனுங்க', அந்தப் பக்கமும் 'ஏனுங்க'. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துத் தமிழுக்குள் மலையாளம் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. மூணாறு லயங்களின் தமிழ் தென்மாவட்டங்களிலிருந்து மலையேறியது. 2015இல் அங்கே தோட்டத்துப் பெண்கள் போனஸுக்கும் கூலி உயர்வுக்கும் சாலையில் உட்கார்ந்தபோது, 'பெண்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரோடு அவர்களுடைய பேச்சும் மலையாளத் தொலைக்காட்சிகளில் ஒலித்தது. காது கொடுக்கும் வசனகர்த்தாவுக்கு வேறு பள்ளிக்கூடம் தேவையில்லை. ஆனாலும் திரையில் லாரி ஓட்டுநர், வட்டிக்காரர், கொழுந்து கிள்ளும் பெண், அடியாள் என எல்லோருக்கும் ஒரே தமிழ்தான். அது எந்த ஊரிலும் பேசப்படாத, டப்பிங் அறையில் பிறந்த தமிழ்.

தமிழ் நிறைந்த படங்களைக் கேரளம் ஒதுக்குகிறது என்று நான் சொல்ல வரவில்லை. பாதிக்கு மேல் தமிழ் ஊரில் நடக்கும் 'நண்பகல் நேரத்து மயக்கம்' 2022க்கான மாநில விருதுகளில் சிறந்த படமானது; மம்முட்டி சிறந்த நடிகரானார். அங்கே தமிழ் கதாநாயகனின் வாயில் இருந்தது, எல்லோரும் கேட்டார்கள். இரண்டு காட்சிக்கு வந்துபோகும் கிழவியின் வாயில் இருந்தால்?

இதைப் பக்கத்து வீட்டுக்காரனின் புகாராக எண்ண வேண்டாம். மலையாள சினிமாவின் தந்தை என்று நீங்கள் கொண்டாடும் ஜே.சி. டேனியல் இன்றைய குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. உங்கள் சினிமாவின் அடுப்படியில் எங்களுக்கும் ஒரு மணை உண்டு.

நான் கேட்பது பெரிதல்ல. தமிழ் பேசும் பாத்திரங்கள் உள்ள படம் இறுதிச் சுற்றுக்கு வந்தால், முடிவெடுக்கும் முன் அந்தந்த ஊர்த் தமிழ் அறிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருக்கு ஓட்டு வேண்டாம், காது போதும். இன்னொன்று: அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய தேசியத் திரைப்பட விமர்சகர் சங்கத்தில் ஒவ்வொருவரும் மூன்று பெயர்களுக்கு 3, 2, 1 என்று புள்ளி போடுகிறார்கள்; முதலிடத்துக்கும் அடுத்து வந்தவர்களுக்கும் எத்தனை புள்ளி என்று வெளியே சொல்லிவிடுகிறார்கள். நீங்களும் அப்படிச் சொன்னால், மூன்றாமிடத்தில் நின்ற ஒரு நல்ல வசனகர்த்தாவின் பெயராவது எங்களுக்குத் தெரியவரும். மாநில விருதுகளில் டப்பிங் கலைஞர்களுக்கே தனி விருது இருக்கிறது. குரலை மதிக்கத் தெரிந்த ஊர்தானே இது.

காதுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அம்மிச்சியால் இப்போது தியேட்டர் படி ஏற முடியாது. படத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்தால் திண்ணையிலேயே பார்த்துவிடுவார். அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை ரசிகன் ஒருவன்