கமிட் அழைப்புக்கு முன்னும் பின்னும்

அன்புள்ள நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். ரிலீஸ் பணிகள் முழுவதும் உங்கள் பொறுப்பில் வந்திருப்பதைக் கடிதத்தில் படித்து மகிழ்ந்தேன். நிறுவனப் பணிகளை நடத்த உதவும் சர்வீஸ்நவ் என்ற மென்பொருள் தளத்தில், அப்டேட் செட்களை (ஒரு சர்வரில் செய்த மாற்றங்களை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் தொகுப்புகள்) ஒருவர் திரைமுன் அமர்ந்து கையால் கமிட் செய்வதை, அதாவது இலக்கில் நிலைப்படுத்துவதை, விட்டுவிட்டு, ஒரு ஸ்கிரிப்ட் தளத்தோடு பேசும் வழியான ஏபிஐ மூலமாகவே செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் கமிட் என்ற அந்த ஓர் அழைப்பையே முழு வேலையாக எண்ணித் திட்டமிடுகிறவர்களைப் பார்க்கிறேன் என்பதால், அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அப்டேட் செட்டை இலக்குச் சர்வருக்கு வரவழைப்பது, ப்ரிவியூ பார்ப்பது (கமிட்டுக்கு முன் மோதல்கள் உண்டா என்று சோதிப்பது), கமிட் செய்வது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி அழைப்பு உண்டு. கமிட் முகவரியில் கொடுக்க வேண்டிய ஐடி, டெவலப்மென்ட் சர்வரில் அந்த செட்டுக்கு இருந்த ஐடி அன்று. இலக்கில் வந்திறங்கியபின் உருவாகும் புதிய பதிவின் ஐடி. ஸ்கிரிப்ட் எழுதுகிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அழைப்புக்கு வரும் பதிலில் நிலை எண் 0 என்றிருந்தால், வேலை வரிசையில் காத்திருக்கிறது என்று மட்டுமே பொருள். கோரிக்கை ஏற்கப்பட்டது என்று சொல்லும் எச்டிடிபி 200 வந்துவிட்டது என்று டிக்கெட்டை மூடிவிடக் கூடாது. பதிலோடு வரும் ப்ரோகிரஸ் இணைப்பைச் சிறு இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 1 என்றால் ஓடிக்கொண்டிருக்கிறது, 2 என்றால் வெற்றி, 3 தோல்வி, 4 ரத்து. 3 வந்தால் உடனே மறுபடி அனுப்பும் ஸ்கிரிப்டை நான் ஏற்கமாட்டேன். அது நின்று, பிழைச் செய்தியை ஒரு மனிதரிடம் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ப்ரிவியூவுக்கே நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன். ஒரு பிசினஸ் ரூலை, அதாவது பதிவுகள் மாறும்போது தானாக ஓடும் விதியை, டெவலப்மென்டில் மாற்றியிருப்பார்கள்; அதே ரூலை, அவசரத் திருத்தம் என்று யாரோ பயனர்கள் வேலை செய்யும் ப்ரொடக்ஷன் சர்வரில் நேரடியாகத் தொட்டிருப்பார்கள். இலக்கில் இருப்பதே புதியது என்று ப்ரிவியூ மோதலைக் காட்டும். வருவதை ஏற்றால் அந்த அவசரத் திருத்தம் அழியும். தவிர்த்தால் உங்கள் மாற்றம் பாதியாகவே போய்ச் சேரும். இரண்டையும் படித்துப் பார்த்து முடிவெடுப்பது அந்த ரூலை அறிந்தவரின் வேலை. எல்லா மோதல்களையும் தானாக ஏற்றுக்கொள்ளும்படி எழுதிவைத்தால் ரிலீஸ் விரைவாக முடியும். அதைவிடக் கையால் செய்த பழைய முறையே மேல். செட்கள் பல இருந்தால் வரிசையும் முக்கியம்: டேபிளை உருவாக்கும் செட்டுக்கு முன்பே அதன் ஃபார்மைக் கொண்ட செட்டை அனுப்பினால், குறிப்பிடும் பதிவு இல்லை என்று ப்ரிவியூ நிறுத்திவிடும்.

கமிட் செய்த செட்டைப் பின்வாங்கும் பேக் அவுட் இருக்கிறதே என்று உங்கள் குழுவினர் தைரியம் சொல்வார்கள். புதிதாகச் சேர்த்த ஃபீல்டைப் பின்வாங்கினால், இடையில் பயனர்கள் அதில் நிரப்பிய தரவும் சேர்ந்தே போகும். கமிட்டான சில நிமிடங்களில் அது பயன்படலாம். ஒரு வாரம் கழித்து என்றால், திருத்திய புதிய செட் ஒன்றை அனுப்புவதையே நான் விரும்புவேன். இன்னொன்று, அப்டேட் செட் உள்ளமைவை மட்டுமே சுமக்கும். பயனர், குழு போன்ற சாதாரணத் தரவுப் பதிவுகளைத் தனியே கொண்டுபோக வேண்டும்.

இந்த அழைப்புகளுக்கென்று தனி யூசர் கணக்கு ஒன்றை உருவாக்கி, சிஐசிடி ரோலை (இத்தகைய தானியங்கி அழைப்புகளுக்கான அனுமதியை) மட்டும் கொடுங்கள். அட்மின் கணக்கின் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைக்கும் பழக்கம் அங்கே இருந்தால் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

ப்ரிவியூ மோதல்களை உங்கள் குழுவில் யார் பார்ப்பதாக இருக்கிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். ஸ்கிரிப்டின் வரைவையும் அனுப்பினால் படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்