ஆண்டறிக்கை 2025–26: மின்வாரியக் கணக்கைக் கேட்ட ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. பள்ளிகளில் மின் பாதுகாப்பு வகுப்புகள் நடந்தன. அடுக்ககச் சங்கங்களுக்காக, மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார் போன்றவற்றுக்கான பொதுப் பயன்பாட்டு இணைப்பின் கட்டணம் பற்றி ஒரு விளக்கக் கூட்டம் வைத்தோம். பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிக்கும் மிகாமல், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023 நவம்பர் முதல் அந்த இணைப்புக்குக் குறைந்த கட்டணம் உண்டு. இது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்கும் சொல்லுங்கள்.

சரி, இனி முக்கியமான விஷயம். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி மின்வாரியத்தின் வரவு செலவைப் புரிந்துகொள்வதற்கும், அதைக் கேட்டு வாங்குவதற்கும் போனது. பில் கூடும்போது கோபப்படுகிறோம். அந்த பில் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. பார்க்கும் உரிமையைச் சட்டம் கொடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி, கட்டணத்தை மாற்றக் கேட்கும் நிறுவனம் தன் மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். மக்கள் சொல்லும் கருத்துகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகே, கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவெடுக்க வேண்டும். ஆணையமும் தன் வேலையை ஒளிவுமறைவின்றிச் செய்ய வேண்டும் என்கிறது 86ஆம் பிரிவு. 2010 நவம்பரில் வாரியம் பிரிக்கப்பட்டு அரசு நிறுவனங்கள் உருவானதால், அவற்றின் தணிக்கையாளரை நியமிப்பவர் மத்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அவருடைய குறிப்புரையுடன் ஆண்டறிக்கை சட்டமன்றத்துக்குப் போக வேண்டும். 2024இல் மறுபடி பிரித்துப் பகிர்மானம், உற்பத்தி, பசுமை எரிசக்தி என்று மூன்று கழகங்கள் ஆன பிறகும் இந்தக் கடமைகள் அப்படியேதான் இருக்கின்றன.

இவை நடைமுறைக்கு வராதபோது என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாடே சாட்சி. 2011 நவம்பரில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தெளிவாகச் சொன்னது: ஆண்டுதோறும் கட்டணக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், நிறுவனம் மனு போடாவிட்டால் ஆணையம் தானே முன்வந்து விசாரிக்க வேண்டும். ஆனால் இங்கே 2014 டிசம்பருக்குப் பிறகு கட்டண உயர்வு வந்தது 2022 செப்டம்பரில்தான். அந்த எட்டு ஆண்டுகள் கட்டணம் கூடவில்லை என்று நாமும் நிம்மதியாக இருந்தோம். உள்ளே கடன் ஏறிக்கொண்டே இருந்தது. 2017இல், மின் பகிர்மான நிறுவனங்களைக் கடனிலிருந்து மீட்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில், 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு ஏற்றுக்கொண்டும் தீரவில்லை. 2022இல் அரசே சொன்ன கடன் சுமார் 1.59 லட்சம் கோடி. அதற்கான வட்டியும் நம் யூனிட் விலைக்குள்தான் வந்து உட்காருகிறது. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது மக்கள் கொதித்துப் பேசியதில் நியாயம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கணக்கைப் பொது மேடையில் விரித்திருந்தால் சுமை இவ்வளவு சேர்ந்திருக்காது என்பதே என் உறுதியான எண்ணம்.

2025 ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நமக்குப் பெரிய பலம். பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த தொகைகளை ஒரு கால அட்டவணை போட்டுத் தீர்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அத்தோடு, வசூலிக்காமல் ஏன் விட்டார்கள் என்பதைக் கடுமையாகத் தணிக்கை செய்யவும் ஆணையங்களுக்கு உத்தரவிட்டது. தீர்க்கும் சுமையை மட்டும் நம் தலையில் வைத்துவிட்டுத் தணிக்கையை மறந்துவிடக் கூடாது. அந்தத் தணிக்கையை முழுமையாக வெளியிட வேண்டும் என்று ஆணையத்துக்கு எழுதியிருக்கிறோம்.

அப்புறம் மானியம். வீடுகளுக்கு நூறு யூனிட் இலவசம் 2016 மே மாதத்திலிருந்து இருக்கிறது. அதற்கான பணத்தை அரசு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. 2023இல் வந்த விதி, காலாண்டுக்கு ஒருமுறை மானியக் கணக்கு அறிக்கை வர வேண்டும் என்கிறது. இதைத் தொடர்ந்து படிக்க ஒரு சிறு குழு அமைத்திருக்கிறோம். கல்லூரியில் வணிகவியல் படிக்கும் நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் இதில் காட்டிய ஆர்வம் மனதுக்கு நிறைவாக இருந்தது.

விவசாய இணைப்புகள் பற்றிப் பேரவையில் வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன். இலவச மின்சாரம் விவசாயியின் உரிமை. அதில் சங்கத்துக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. அவை எவ்வளவு இழுத்தன என்பது மதிப்பீடுதான். கம்பியில் வீணானதும் திருட்டுப் போனதும் அந்த மதிப்பீட்டுக்குள் மறைந்துகொள்ள வழியிருக்கிறது. பழி விவசாயி மேல் விழுகிறது. டிரான்ஸ்பார்மருக்கு ஒரு மீட்டர் வைத்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். விவசாயிக்கு பில் போடாமலே இதைச் செய்யலாம்.

நம் பகுதியில் டிரான்ஸ்பார்மர் வாரியாக எவ்வளவு மின்சாரம் கொடுத்தார்கள், எவ்வளவுக்கு பில் போட்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். முப்பது நாள் கெடுவுக்குள் வந்த பதிலில் பாதிக் கேள்விகளுக்கு விடை இல்லை. முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு சில விவரங்கள் கிடைத்தன. மீதிக்காகத் தகவல் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். காலாண்டு மின் கணக்கை இணையத்தில் போட வேண்டும் என்று 2021 முதல் விதியே இருக்கும்போது, இதைக் கேட்டு வாங்க இத்தனை படி ஏற வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

இந்த அனுபவத்தை வைத்துச் செயற்குழு ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறது. மின் பகிர்மான வட்டம் ஒவ்வொன்றும் தன் வரவு, செலவு, மின் இழப்பு, வரவேண்டிய மானியம் ஆகியவற்றைக் காலாண்டுதோறும் எளிய தமிழில் ஒரே பக்கத்தில் அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். கட்டண மனுக்கள் முழுமையாகத் தமிழில் கிடைக்க வேண்டும். இதைக் கட்டாயமாக்கும்படி ஆணையத்தையும் மாநில அரசையும் கேட்போம். உறுப்பினர்கள் விவாதித்துத் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

நம் சங்கத்தின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு வாசலில் ஒட்டப்பட்டுள்ளது. பொருளாளர் இப்போது படிப்பார். இந்த அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்