முதலில் கதையைக் கேட்கட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு உள்ளூரிலேயே வேலை அமைந்ததில் உன்னைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி அதிகம். முழங்கால் வலியை மருத்துவரிடம் காட்டியதாக ஒரு வரி இருக்கும் என்று தேடினேன், இல்லை. அடுத்த கடிதத்தில் அது கட்டாயம் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம். அத்தை குளிரைத் தாங்க முடியாமல் பொங்கலுக்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். "உங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாவலையும் நாடகத்தையும் முழுவதுமாகப் படித்துவிட்டு வருகிறார்களாமே, எங்கள் பிள்ளைகள் நோட்ஸைத் தாண்டி வருவதில்லையே" என்று எழுதியிருந்தாய். அப்படி நினைத்து மனம் சோர்ந்துவிடாதே. இங்கேயும் நிலைமை அவ்வளவு வேறு இல்லை.

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் ஆங்கில இலக்கியம் தனிப்பாடம். ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம், ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல், ஒரு நவீன நாடகம் அல்லது நாவல், பதினைந்து கவிதைகள். எங்கள் பள்ளியில் மெக்பெத், டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்', பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்'. 2017-இல் முதன்முதலாக நடந்த இந்தப் புதிய முறைத் தேர்வில் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகக் கூடாது. நாவலிலிருந்து ஒரு பகுதியை வினாத்தாளில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். அதில் தொடங்கி முழு நாவலையும் பற்றி எழுத வேண்டும். புத்தகம் கையில் இல்லை என்றதும் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்லவா வேண்டும்? மேற்கோள்களை மனப்பாடம் செய்வதே வீட்டுப்பாடமாகிவிட்டது. சின்னச் சின்ன அட்டைகளில் ஒரு பக்கம் மேற்கோள், மறுபக்கம் விளக்கம். கதைக்கு யூடியூபில் பத்து நிமிடச் சுருக்கம். நாவலைத் திறக்காமலேயே நல்ல மதிப்பெண் வாங்கிவிட முடியும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள், சில பெற்றோரும் நம்புகிறார்கள். வார்த்தை பிசகாமல் மேற்கோள் தர வேண்டியதில்லை, கதையில் அந்த இடத்தைச் சரியாகச் சுட்டினாலே போதும் என்று தேர்வு வாரியமே விளக்கியிருக்கிறது. ஆனாலும் அட்டைகள் குறைந்தபாடில்லை.

இந்தப் பருவத்தில் என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். டிக்கன்ஸின் கேரலின் முதல் பகுதியில், ஏழைகளுக்கு நன்கொடை கேட்டு இரண்டு பேர் கஞ்சப் பணக்காரன் ஸ்க்ரூஜின் அலுவலகத்துக்கு வருவார்கள், நினைவிருக்கிறதா? "சிறைகள் இல்லையா? ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதிகள் இல்லையா?" என்பான். அங்கே போவதைவிடச் சாவதே மேல் என்று பலர் நினைக்கிறார்கள் என்று வந்தவர்கள் சொன்னால், "செத்துத் தொலையட்டும், வேண்டாத மக்கள்தொகை குறையும்" என்பான். தேர்வுக்கு இதைவிடப் பிரபலமான மேற்கோள் கிடையாது. என் வகுப்பில் ஒரு பெண்ணின் அட்டையில் அந்த வரியும் அதன் கீழே 'மால்தஸ், 1834 ஏழையர் சட்டம், கல்நெஞ்சம்' என்ற குறிப்பும் அழகான கையெழுத்தில் இருந்தன. மக்கள்தொகை பெருகினால் உணவு போதாது என்றவர் மால்தஸ்; ஏழைகளை அந்த விடுதிகளுக்கு அனுப்பியது அந்தச் சட்டம். ஒன்றும் தவறில்லை. பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் விழும்.

நான் நாவலை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை, அடிக்கோடு போடச் சொல்லவில்லை. மூன்றாம் பகுதியில் ஸ்க்ரூஜின் குமாஸ்தா கிராட்சிட்டின் வீடு வருகிறது. ஊன்றுகோலோடு நடக்கும் சின்னப் பையன் டிம் பிழைப்பானா என்று ஸ்க்ரூஜ் முதன்முறையாகப் பதறிப்போய்க் கேட்கிறான். அவனைத் திருத்துவதற்காக அங்கே அழைத்து வந்த ஆவி அவனைத் திரும்பிப் பார்த்து, "செத்தால் என்ன? வேண்டாத மக்கள்தொகை குறையுமே" என்கிறது. அட்டை எழுதிய அதே பெண் சட்டென்று நிமிர்ந்து, "மிஸ், அது அவன் சொன்னதுதானே!" என்றாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பகுதி முடிகிற இடத்தில், ஆவியின் அங்கிக்குள்ளிருந்து எலும்பும் தோலுமாக ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் வெளிப்படுகிறார்கள். இவர்களுக்குப் போக்கிடம் இல்லையா என்று ஸ்க்ரூஜ் கேட்க, "சிறைகள் இல்லையா?" என்று மறுபடியும் அவன் சொல்லே அவனைக் குத்துகிறது. இந்த முறை அந்த வரியை நான் படித்து முடிப்பதற்குள் நாலைந்து பேர் கூடவே சொல்லிவிட்டார்கள்.

முதல் பகுதியில் ஒருவன் சொன்ன வார்த்தை மூன்றாம் பகுதியில் அவன் மேலேயே வந்து விழுவதற்கு, இடையில் உள்ள பக்கங்களைக் கடந்திருக்க வேண்டும். அட்டையில் அந்தப் பக்கங்கள் இல்லை. அதனால்தான் பிடிவாதமாக இருக்கிறேன்: முதலில் கதை முழுவதும், நிற்காமல், வகுப்பிலேயே. ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகு.

நேரம் ஏது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேரல் ஐந்தே பகுதிகள் கொண்ட சிறிய நூல். டிக்கன்ஸே 1853 டிசம்பரில் பர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் அதை மேடையில் படித்தபோது ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான் ஆனது. தொழிலாளர்களுக்கென்று குறைந்த கட்டணத்தில் ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்று அவரே கேட்டுப் படித்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஓர் ஆய்வும் கைகொடுக்கிறது. இருபது ஆங்கில ஆசிரியர்கள், 12 வாரங்களில் இரண்டு கடினமான நாவல்களை வகுப்பில் வேகமாக, முழுவதுமாக வாய்விட்டுப் படித்தார்கள். மாணவர்களின் வாசிப்புத் திறன் சராசரியாக எட்டரை மாத அளவுக்கு முன்னேறியது. வாசிப்பில் பின்தங்கியிருந்தவர்கள் பதினாறு மாத அளவுக்கு முன்னேறினார்கள். பின்தங்கிய பிள்ளைகளுக்கு எளிய பத்திகளைக் கொடுத்து அங்கேயே நிறுத்தி வைக்கிறோமே, அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்லலாம்தான். சொல்கிறோம். ஆனால் கிழக்கு லண்டனில் குடும்பம் முழுவதும் ஒரே அறையில் தங்கியிருக்கும் வீடுகள் உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, அம்மா வேலை முடிந்து வரும்வரை அடுப்பையும் கவனிக்கும் பிள்ளைக்கு 'ஓர் அத்தியாயம் படித்து வா' என்பது எல்லோருக்கும் ஒரே அளவு வேலை ஆகாது. புத்தகம் நிறைந்த வீட்டுப் பிள்ளை படித்துவிட்டு வருவான், மற்றவன் பேந்தப் பேந்த விழிப்பான்.

ஆகவே வீட்டுப்பாடத்தை மாற்றிக் கொடுத்தேன். வகுப்பில் கேட்ட பகுதியை வீட்டில் யாருக்காவது, அவரவர் பேசும் மொழியில் சொல்ல வேண்டும். கேட்டவர் என்ன கேள்வி கேட்டார் என்பதை மட்டும் மறுநாள் எழுதிக்கொண்டு வர வேண்டும். வங்காளத்திலும் சோமாலியிலும் உருதுவிலும் ஸ்க்ரூஜ் ஒரு சுற்று வந்தான். கிராட்சிட்டுக்கு வாரச் சம்பளம் பதினைந்து ஷில்லிங், அதில் அத்தனை பேர் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு பாடவேளை நடந்தது. யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் தன் அம்மம்மாவுக்கு, வருங்காலத்தில் டிம் இறந்துவிடுவதாகக் காட்டும் நான்காம் பகுதிவரை சொல்லி நிறுத்தியிருக்கிறான். "பிள்ளை செத்துப்போச்சு என்று சொல்லி விட்டுவிட்டுப் போகிறாயே, உண்மையாகவே செத்ததா?" என்று அவர் அவனைத் தூங்கவே விடவில்லையாம். மறுநாள் காலை வகுப்பு தொடங்குமுன் என் மேசையருகே வந்து, இன்றைக்கே முடித்துவிடுங்கள் மிஸ் என்றான். டிம் சாகவில்லை என்று கடைசியில் டிக்கன்ஸ் தெளிவாகச் சொல்கிறார் அல்லவா, அந்த வரி கையெழுத்துப் பிரதியில் கிடையாது, அச்சாகும் கட்டத்தில்தான் சேர்த்தார். அந்த அம்மம்மாவைப் போன்ற வாசகரை அவர் அறிந்திருந்தார் என்று பையனிடம் சொன்னேன். அவன் அதையும் வீட்டில் போய்ச் சொன்னானாம்.

தேர்வு முடிவு எப்படி வரும் என்று ஆகஸ்டில் தெரியும். ஆனால் எழுத்தில் இப்போதே வித்தியாசம் தெரிகிறது. 'இதன் மூலம் ஆசிரியர் வெளிப்படுத்துகிறார்' என்று தொடங்கும் வாக்கியங்கள் குறைந்து, 'முன்பு இப்படிச் சொன்னவன் இப்போது' என்று தொடங்கும் வாக்கியங்கள் வருகின்றன.

உன் பள்ளிக்கு நூலக அலமாரி வந்திருப்பதாக எழுதியிருந்தாய். ஒன்பதாம் வகுப்புத் துணைப்பாடத்தில் ஒரு கதையை எடுத்து, கேள்வி பதில் எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் படித்துக் காட்டேன். உன் குரல் விடுதி முழுக்கக் கேட்கும் குரல் ஆயிற்றே. எந்தக் கதை, பிள்ளைகள் எங்கே நிமிர்ந்தார்கள், வீட்டில் என்ன கேட்டார்கள் என்று விவரமாக எழுது. எனக்கு அடுத்தது மெக்பெத். நாடகத்தை இப்படி ஒரே குரலில் படித்தால் சரிவருமா, பாத்திரங்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் நாடகம் போட்ட அனுபவம் உனக்குத்தான் அதிகம், உன் யோசனை வேண்டும்.

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல். முழங்காலை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி